இந்த முயலுக்கு நாலு கால்தான்



இந்தக் கிழமை எபிசோட்டில் முக்கால் மணித்தியாலம் ஒரு முயலைப் பற்றிக் கதைத்தோம். பஸ்ஸிலும் ரெயினிலும் கேட்டுக்கொண்டு போகிறவர்களிடம் "காதைக் கொஞ்சம் பின்னுக்கு இழுங்கோ, முழங்காலை மேலே தூக்குங்கோ" என்று சொன்னால் ஒன்றும் பிடிபடாது. அதனால் அதையே இந்த மடலில் ஆறுதலாக எழுதுகிறேன். பிளெண்டரைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விளங்கும்.

கேள்வி இதுதான். ஏற்கனவே இருக்கிற ஒரு ரோமக் கரக்டரை எடுத்து, அதிலிருந்து இன்னொன்றைச் செதுக்குகிறீர்கள். அதன் தங்கச்சியாக இருக்கலாம், மச்சானாக இருக்கலாம், எதிரியாகவும் இருக்கலாம். அது எந்த இடத்தில் ஒரு புது ஆள் ஆகிறது? எந்த இடம்வரை அது நிறம் மாத்தின கொப்பி மட்டும்தான்?

சும்மா பொழுதுபோக்குக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் கேம், கார்ட்டூன், பொம்மை என்று எந்தப் பக்கம் வேலைக்குப் போனாலும், தொடக்கத்தில் உங்கள் மேசைக்கு வரக்கூடியது இந்த மாதிரி வேலைதான். புதிதாக வந்த பிள்ளையிடம் கதாநாயகனைச் செய்யச் சொல்ல மாட்டார்கள். "கதாநாயகன் இருக்கிறார். அவருடைய ஊர்ச்சனம் இருபது பேரைச் செய்து தாங்கோ" என்பார்கள். இருபதும் ஒரே ஆளின் இருபது சட்டையாக இருந்தால் பார்க்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும். போர்ட்ஃபோலியோ பார்க்கிறவர்களுக்கு அதைவிடக் கெதியாகத் தெரியும்.

என்னுடைய பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். ஆள் மாறுகிற இடம் உடம்பின் அளவுகளில் இருக்கிறது. ரோமத்திலும் இல்லை, நிறத்திலும் இல்லை. இரண்டுக்கும்தான் நாங்கள் அதிக நேரம் செலவழிக்கிறோம் என்பது வேறு கதை.

நீலம் சரி, ஆள் பிழை

2019 ஏப்ரல் கடைசியில் சொனிக் படத்தின் முதல் டிரெய்லர் வந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கேமில் வருகிற சொனிக்கின் படத்துக்கான வடிவம் அது. நீல நிறம் சரியாக இருந்தது. முள் இருந்தது. ரோமமும் நன்றாகத்தான் இருந்தது, வெளிச்சம் பட்டால் நிஜ மிருகத்தின் ரோமம் மாதிரியே தெரிந்தது. ஆனால் பார்த்த சனம் "இது ஆர்?" என்று கேட்டது.

கேமில் சொனிக்குக் கண் இரண்டும் சேர்ந்து ஒரே வெள்ளைப் பரப்பு. தலை பெரிசு, உடம்பு சிறிசு, கால் குச்சி. டிரெய்லரில் வந்தவருக்கு இரண்டு சின்னக் கண், தனித்தனியாக. மனிசப் பல்லு. தசை வைத்த நீளக் கால். நிஜ மிருகத்துக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும் என்று அளவுகளை மாற்றியிருந்தார்கள். அளவு மாறினதும் ஆள் மாறிவிட்டார். நீலத்தால் அவரைத் திருப்பிக் கொண்டுவர ஏலவில்லை.

இயக்குநர் ஜெஃப் ஃபௌலர் சில நாளிலேயே உருவத்தை மாற்றுவதாக அறிவித்தார். படம் 2019 நவம்பரிலிருந்து 2020 பெப்ரவரிக்குத் தள்ளிப்போனது. சொனிக் கொமிக்ஸ் வரைந்த டைசன் ஹெஸ் என்ற ஓவியர் புது உருவத்துக்குப் பொறுப்பாக வந்தார். கண் பெருத்தது, பல் மாறியது, கையுறை வந்தது, கால் சுருங்கியது. நீலம் கிட்டத்தட்ட அதே நீலம்தான். சனம் உடனே "ஆ, இவர்தான்" என்றது.

இதில் எனக்கு உறுத்துகிற பக்கம் ஒன்று இருக்கு. ஒரு முக்கியக் கரக்டரின் அளவை மாற்றினால், செதுக்கினது மட்டும் மாறாது. எலும்பு, முகபாவம், ரோமம், ஏற்கனவே முடிந்த ஷொட்கள் எல்லாம் திரும்ப வரும். அந்த வேலை ஆர் தலையில் விழுகிறது? மேசையில் இருக்கிற ஆர்ட்டிஸ்ட்மார் தலையில். அந்தப் படத்தில் வேலை செய்த எம்.பி.சி. நிறுவனத்தின் வான்கூவர் ஸ்டூடியோ, படம் திரைக்கு வருவதற்கு முதலே, 2019 டிசம்பரில் மூடப்பட்டது. வெளிச் சந்தையின் நெருக்கடியைத்தான் நிர்வாகம் காரணமாகச் சொன்னது, படத்தை அல்ல. ஆனாலும் அளவைக் கடதாசியில் இருக்கும்போதே சரி பார்ப்பது ஏன் முக்கியம் என்று ஆரும் என்னைக் கேட்டால், நான் அந்த வருசத்தை நினைத்துக்கொள்வேன்.

ஆரின் முயல்?

எபிசோட்டில் நாங்கள் எடுத்துக்கொண்ட மூலக் கரக்டர் பிக் பக் பன்னி. ஆம்ஸ்டர்டாமில் இருக்கிற பிளெண்டர் ஃபவுண்டேஷன் 2008 இல் வெளியிட்ட பத்து நிமிடப் படம். பெரிய, உருண்டையான, நல்ல மனமுள்ள ஒரு முயல். மூன்று குறும்புக்காரப் பிராணிகள் அவருடைய வண்ணத்துப்பூச்சிகளைக் கொன்றுபோட, அவர் பழிவாங்குகிறார். பார்க்காதவர்கள் பாருங்கோ, இலவசம்.

இதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் கலை இல்லை, சட்டம். அந்தப் படமும் அதைச் செய்த ஃபைல்களும் கிரியேட்டிவ் கொமன்ஸ் அட்ரிபியூஷன் 3.0 உரிமத்தில் வெளியானவை. எடுக்கலாம், மாற்றலாம், மாற்றினதை விற்கவும் செய்யலாம். யாருடையது என்று சொல்ல வேண்டும், மாற்றியிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும், அவர்கள் எங்களை ஆமோதிக்கிறார்கள் என்பது போலக் காட்டக்கூடாது. இதே வேலையை நீங்கள் பிக்ஸாரின் சல்லியிலிருந்தோ சொனிக்கிலிருந்தோ செய்தால், வீட்டில் பழகுகிற மட்டும் ஒருவரும் கதவைத் தட்டப்போவதில்லை. ஆனால் அதைப் பிரிண்ட் எடுத்து மார்க்கெட்டில் மேசை போட்டு விற்கத் தொடங்கினால் கதை வேறு. ஒன்றிலிருந்து இன்னொன்றை உருவாக்குகிற உரிமையும் அந்தக் கரக்டரின் சொந்தக்காரருக்குத்தான். நிறத்தை மாத்திப்போட்டு "இது என்ர ஆள், நான்தான் செய்தனான்" என்று நிற்பது, தான் பிடிச்ச முயலுக்கு மூண்டு கால் என்று நிற்கிற மாதிரித்தான். அப்படி நிற்கிற ஆக்களை ஒன்லைனில் நிறையப் பார்க்கலாம்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. ஃபைல்கள் 2008 ஆம் ஆண்டினுடையவை. அவர்கள் பாவித்த பழைய ரெண்டர் எஞ்சினை பிளெண்டர் 2019 இல், 2.80 பதிப்போடு தூக்கிவிட்டது. ஆகவே உருவத்தை மட்டும் அங்கிருந்து எடுங்கோ. ரோமம், மெட்டீரியல், வெளிச்சம் எல்லாம் புதிதாகத்தான் செய்ய வேண்டும் என்று முதலே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கோ.

இரண்டு விதமான முயல்

இனி வேறுபாடு. "பன்னியின் தங்கச்சி" என்று தொடங்கினால் கை தானாக ரிபன் பக்கம் போகும். அதைப் பிறகு கதைப்போம். நான் எடுத்தது வேறு இனம்.

தமிழில் முயல் என்று ஒரு சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆனால் உள்ளுக்குள் இரண்டு கூட்டம் இருக்கு. ஒன்று நிலத்துக்குக் கீழே வளை தோண்டி வாழ்கிறது. பன்னி அந்தக் கூட்டம், படத்தின் தொடக்கத்தில் வளைக்குள் இருந்துதான் சோம்பல் முறித்து வெளியே வருகிறார். மற்றது வளையே தோண்டாது. புல்லுக்கு நடுவில் உடம்பு அளவு பள்ளத்தில் தனியாகப் படுத்திருக்கும். வளை முயலின் குட்டி ரோமம் இல்லாமல், கண் மூடினபடி பிறக்கும். மற்றதின் குட்டி முழு ரோமத்தோடு, கண் திறந்தபடி பிறக்கும். ஒளிந்துகொள்ள வீடு இல்லை பாருங்கோ, பிறந்த உடனேயே உலகத்தைப் பார்த்தாக வேண்டும்.

இலங்கையிலும் இந்தியாவிலும் பற்றைக்காட்டிலும் வயல் ஓரத்திலும் திரிகிற முயல் இந்த இரண்டாவது கூட்டம். பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும், ஆங்கிலப் பெயரும் அதை வைத்துத்தான். வீட்டில் அம்மா அப்பாவிடம் "ஊர் முயல் எப்படி இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கோ. முயல் எப்படி இருக்கும் என்பதைவிட முயல் கறி எப்படி இருக்கும் என்றுதான் பதில் வரும். அதனால் நான் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஆக்கள் எடுத்துப் போட்ட படங்களைப் பார்த்தேன். ஒரே மிருகத்தைப் படுத்தபடி, ஓடினபடி, பயந்தபடி என்று பல கோணத்தில் பார்க்கலாம்.

இனித்தான் வடிவமைப்பு. வளை இல்லாத மிருகம் எதை நம்பி வாழும்? கேட்பதையும் ஓடுவதையும். அதனால் காது நீளம், பின்னங்கால் நீளம். பன்னியின் உடம்பு ஒரு பேரிக்காய். பாரம் முழுக்கக் கீழே, நிலத்தோடு ஒட்டி, "நான் எங்கேயும் போகப்போவதில்லை" என்று சொல்கிற உடம்பு. என்னுடைய முயலுக்கு அதற்கு எதிர் வேண்டும். இருந்தாலும் எழும்பப்போகிற மாதிரி இருக்க வேண்டும். உடம்பின் அகலத்தை அரைவாசியாக்கினேன். பின்னந்தொடையில் மட்டும் பாரத்தை வைத்தேன். பாதத்தை நீட்டினேன். காதை ஒன்றரை மடங்காக்கி, இரண்டையும் ஒரே பக்கம் பார்க்க விடாமல் ஒன்றை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் திருப்பினேன். ஒரு காது எங்கள் கதையைக் கேட்கும், மற்றது பின்னால் நாய் வருகுதா என்று கேட்கும்.

அப்படியென்றால் பன்னியிடமிருந்து எதை வைத்துக்கொள்வது? எதையும் வைக்காவிட்டால் அது வேறுபாடு இல்லை, வேறு மிருகம். நான் முகத்தின் பேச்சை வைத்துக்கொண்டேன். முன்பல்லு இரண்டு, மூக்கும் வாயும் சேர்கிற விதம், இமையின் தடிப்பு, கன்னம் வாயோடு சேர்ந்து அசைகிற முறை. ஒரே குடும்பத்தில் உயரம், பருமன், நிறம் எல்லாம் வேறாக இருந்தும் சிரித்தால் மட்டும் "இது அவையின்ர பிள்ளை" என்று தெரியும் அல்லவா, அந்த மாதிரி.

கண்ணில்தான் அதிக நேரம் போனது. நிஜ முயலுக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருக்கும், கிட்டத்தட்ட முழு வட்டமும் பார்க்க. கார்ட்டூன் முயலுக்கு அப்படி வைத்தால் முன்னாலிருந்து பார்க்கும்போது முகத்தில் ஆளே இருக்க மாட்டார். எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் அழவும் முன்பக்கக் கண் வேண்டும். நான் எடுத்த முடிவு: கண் முன்னுக்கே இருக்கட்டும், ஆனால் பன்னியைவிடக் கொஞ்சம் விலகி, வெளி மூலை பக்கவாட்டில் திரும்பி. கொஞ்சம் விலக்கினால் விழிப்பாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் விலக்கினால் மீனாகத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும், நம்பர் கிடையாது.

கறுப்பாக்கிப் பாருங்கோ

செதுக்கத் தொடங்கின முதல் நாளிலிருந்து செய்ய வேண்டிய ஒரு சோதனை. பிளெண்டரின் சொலிட் வியூவில் வெளிச்சத்தை ஃபிளாட் ஆக்கி, நிறத்தைக் கறுப்பாக வையுங்கோ. இரண்டு கரக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். இப்போது அவ்வளவும் நிழல். ஸ்கிரீனில் கைவிரல் நகமளவுக்குச் சின்னதாக்குங்கோ. எது ஆர் என்று உங்கள் தம்பிக்குச் சட்டென்று சொல்ல முடிந்தால் சரி. தம்பி யோசித்தால் திரும்பவும் அளவுக்குப் போங்கோ. கண்ணும் பல்லும் நிறமும் சேர்த்தால் சரிவரும் என்று அந்த நேரத்தில் மனம் சொல்லும். கேட்காதேங்கோ.

சட்டையைப் பெருப்பிப்பதா, புதிதாக வெட்டுவதா

இனிச் செதுக்கல். இங்கே இரண்டு வழி இருக்கு, இரண்டுக்கும் விலை இருக்கு.

கணினிக்குள் உருவம் என்பது ஆயிரக்கணக்கான புள்ளிகளால் பின்னின வலை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு இலக்கம். 1042 ஆவது புள்ளி இடது வாய் மூலை என்று வைத்துக்கொள்வோம். பன்னி சிரிக்கும்போது "1042 ஐ இவ்வளவு மேலே தூக்கு" என்றுதான் அந்தச் சிரிப்பு சேமித்து வைக்கப்பட்டிருக்கும். எலும்பு எந்தப் புள்ளியை எவ்வளவு இழுக்கும் என்பதும், தோலின் படம் எந்த இடத்தில் ஒட்டும் என்பதும் இந்த வலையை நம்பித்தான். வலையை அப்படியே வைத்துக்கொண்டு புள்ளிகளை மட்டும் நகர்த்தினால், இவ்வளவும் புது ஆளுக்கும் வரும். தையல்காரர் பழைய சட்டையைப் பிரிக்காமல் அங்கே இங்கே பிடித்துத் தைக்கிற மாதிரி. கிராப் தூரிகையைத் தலையளவு பெரிதாக்கி, உருவத்தைக் களிமண் மாதிரி இழுத்து மெலிய வைக்கலாம். வேகமான வழி. ஆனால் பழைய சட்டையின் வெட்டு உங்களைப் பிடித்து வைத்திருக்கும். பேரிக்காயை எவ்வளவு இழுத்தாலும் அது நீண்ட பேரிக்காய்தான் என்று கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

மற்ற வழி, வொக்சல் ரீமெஷ். உருவத்தை உருக்கி, ஒரே அளவுப் புதுக் கண்ணிகளால் திரும்பப் பின்னும். எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம், காலைப் பிடுங்கி வேறு கால் வைக்கலாம். முழுச் சுதந்திரம். ஆனால் இலக்கமெல்லாம் போய்விடும். 1042 இப்போது முதுகில் எங்கேயோ இருக்கும். சிரிக்கச் சொன்னால் முதுகு சிரிக்கும்.

நான் இரண்டையும் சேர்த்துத்தான் செய்வேன். பன்னியை ஒரு கொப்பி எடுத்து, ரீமெஷ் போட்டு, பயமில்லாமல் செதுக்குவேன். நிழல் சோதனை சரிவந்த பிறகு, பழைய வலையை இன்னொரு கொப்பி எடுத்து, புது உருவத்துக்கு மேலே உறை போடுகிற மாதிரிப் போர்த்துவேன். பிளெண்டரில் ஷ்ரிங்க்ராப், ஸீபிரஷ்ஷில் புரஜெக்ட். போர்த்துவதற்கு முதல் கண் வளையம், வாய் மூலை, காது நுனி, விரல் நுனி ஆகியவற்றைக் கையால் பொருத்திவிட வேண்டும். இதில் அவசரப்பட்டால் மேல் இமையின் வலை கீழ் இமையில் போய் ஒட்டும், கண் மூடும்போதுதான் தெரியும். போர்த்து, கொஞ்சம் மழுக்கி, திரும்பப் போர்த்து. நாலைந்து தரம்.

காது தனிப் பிரச்சினை. ஒன்றரை மடங்கு நீட்டினதும் கண்ணிகள் நூடில்ஸ் மாதிரி நீளும், மடங்க வேண்டிய இடத்தில் மடங்காது. புது வளையங்கள் சேர்த்தால் இலக்கம் குழம்பும். அதனால் பக்கத்தில் இருக்கிற வளையங்களை வழுக்கி, மடங்குகிற இடத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தேன். நுனியில் நீண்ட கண்ணி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், ரோமம் மூடும்.

வந்த சிரிப்பையும் அப்படியே நம்ப வேண்டாம். பன்னியின் கொழுத்த கன்னத்துக்குச் சேமித்த தூரம், ஒடுங்கின முகத்தில் அதிகம். வாய் காதுக்குப் போய்விடும். பெரும்பாலான முகபாவங்களை அறுபது, எழுபது வீதத்துக்குக் குறைத்தேன், சிலதை இந்த ஆளுக்கென்று திரும்பச் செதுக்கினேன். பயம் என்ற பாவம் பன்னியைவிட இவருக்கு அதிகம் தேவை. பெரிய ஆளுக்குப் பயம் இரண்டு வகை போதும். இவருக்கு எட்டு வேண்டும்.

குளிப்பாட்டின பூனை

நனைந்த பூனையைப் பார்த்திருக்கிறீர்களா? உருண்டையாக இருந்த பிராணி திடீரென்று எலும்பும் கழுத்துமாக நிற்கும். ரோமக் கரக்டரைச் செதுக்கும்போது நீங்கள் செதுக்க வேண்டியது அந்த நனைந்த பூனையைத்தான். மேலே வரப்போகிற ரோமம் சுற்றிவரப் பருமனைக் கூட்டும். பெரிய வயிற்றில் அது தெரியாது, மெல்லிய மணிக்கட்டில் அதே நீளம் இரண்டு மடங்காகத் தெரியும். கண்ணைச் சுற்றி ரோமம் வந்தால் கண் சின்னதாகும். ஆகவே ரோமம் போட்ட பிறகு என்ன அளவு வேண்டும் என்று யோசித்து, அதிலிருந்து ரோமத்தின் தடிப்பைக் கழித்துச் செதுக்க வேண்டும். என் முயலை ரோமம் இல்லாமல் பார்த்தால் நோயாளி மாதிரி இருக்கும், அது சரி.

ரோமத்தை எப்படிப் போடுவது என்பது அது எங்கே போகிறது என்பதைப் பொறுத்தது. படத்துக்கு என்றால் உண்மையான இழைகள். 2001 இல் வந்த மொன்ஸ்டர்ஸ் இங்க் படத்தில் சல்லிக்கு 23 இலட்சத்துக்கு மேற்பட்ட மயிர்கள் இருந்தன. அதை ஒவ்வொன்றாக ஒருவரும் சீவுவதில்லை. வழிகாட்டி இழைகள் என்று கொஞ்சத்தை வைத்தால், நடுவில் இருக்கிறவற்றைக் கணினி நிரப்பும். பிளெண்டரில் 3.3 பதிப்பில் இதற்குப் புது முறை வந்தது, 2023 இல் வந்த 3.5 உடன் கொத்தாக்குவது, சுருட்டுவது, கலைப்பது எல்லாம் தயாராக வைத்த கருவிகளாகக் கிடைத்தன. இந்த இழைகள் தோலின் படத்தில், அதாவது யூ.வி. வரைபடத்தில், இடம் பிடித்து ஒட்டியிருக்கும். நான் பழைய வலையைக் காப்பாற்றியதற்கு இன்னொரு பலன் இங்கே. பன்னிக்குப் புதிதாகச் சீவின ரோமத்தை இவருக்கும் கொண்டுவரலாம். ஆனால் கொண்டுவந்துவிட்டு விடக்கூடாது, அப்படி விட்டால் அண்ணனின் கோட் போட்ட தம்பி மாதிரி இருக்கும். உடம்பில் கட்டையாக வெட்டி, நெஞ்சிலும் தொடைக்குப் பின்னாலும் மட்டும் நீளமாக விட்டேன்.

கேமுக்கோ பிரிண்டருக்கோ என்றால் ரோமத்தைச் செதுக்கத்தான் வேண்டும். இங்கே எல்லோருக்கும் வருகிற ஆசை, மயிர் மயிராகக் கீறுவது. கீறினால் தேங்காய் மாதிரி இருக்கும். ஸ்டைல் என்பது எதைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதில் இருக்கு. முதலில் பெரிய கொத்துகள்: கன்னம், நெஞ்சு, முழங்கை, வால். அவற்றை ஸ்நேக் ஹூக் தூரிகையால் இழுத்து எடுக்கலாம். ஒவ்வொரு பெரிய கொத்தையும் இரண்டு மூன்றாகப் பிரியுங்கோ, சமமாக இல்லாமல். பிறகு க்ரீஸ் தூரிகையால் சில இடத்தில் மட்டும் மெல்லிய கோடு. நடுவில் வெறும் வழுவழுப்பான இடம் இருக்கட்டும், கண்ணுக்கு ஓய்வு வேண்டும். ரோமம் போகிற திசைக்கு வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் தடவிப் பாருங்கோ. மூக்கிலிருந்து பின்னுக்குப் போகும், நெஞ்சில் இரண்டு பக்கமும் வந்து நடுவில் முட்டும். பிரிண்ட் எடுக்கிறவர்கள் நுனிகளைத் தடிப்பாக விடுங்கோ, கூர் நுனி சப்போர்ட்டைக் கழற்றும்போது முறியும்.

ரிபன் விசயம்

1982 இல் வந்த மிஸ் பக்-மேன் கேமில், பக்-மேனின் மஞ்சள் வட்டத்துக்கு ஒரு சிவப்பு ரிபனும் உதட்டுச் சாயமும் வைத்தார்கள். பெண் ஆகிவிட்டார். அந்தக் காலத்துக்கு அது கெட்டித்தனம், விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகளுக்குள் வேறு என்ன செய்ய ஏலும்? ஆனால் இன்றைக்குப் பல இலட்சம் கண்ணி கையில் இருந்தும், பெண் வேறுபாடு என்றால் கண்ணிமை மயிர், ஒடுங்கின இடுப்பு, ரிபன் என்றுதான் போகிறோம். எனக்கு இது சோம்பேறித்தனமாகத் தெரிகிறது. மிருகத்தைப் பார்த்தால் வேறு விடை கிடைக்கும். பல முயல் இனங்களில் பெட்டைதான் கடுவனைவிடக் கொஞ்சம் பெரிசு. என் முயல் பெட்டையா கடுவனா என்று எபிசோட்டில் கேட்டார்கள். பெட்டைதான். இதுவரை "இவர்" என்று எழுதினேன், ஒருவரும் குழம்பியிருக்க மாட்டீர்கள். ரிபன் இல்லை. பன்னி அளவுக்கே உயரம், எழும்பி நின்றால் காதோடு சேர்த்து அவரையும் தாண்டுவார். பக் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஆண் முயல் என்றும் ஒரு பொருள் இருப்பதால், பெயரை மட்டும் வேறாக வைக்க வேண்டிவந்தது. வீட்டில் "பிடரி" என்று கூப்பிடுகிறோம்.

அந்தப் பெயருக்குக் காரணமான கறுப்புத் திட்டைக் கடைசி நாள்தான் பூசினேன். முதுகு மண்ணிறம், வயிறு வெள்ளை, வாலின் மேல் பக்கம் கறுப்பு, பிடரியில் அந்தத் திட்டு. அரை நாள் வேலை. முன்னால் செய்தது மூன்று கிழமை.

ஃபைலை வெளியே போடும்போது கூடவே இந்த மாதிரி ஒரு வரி போடுங்கோ: "மூலம்: பிக் பக் பன்னி, பிளெண்டர் ஃபவுண்டேஷன், 2008, கிரியேட்டிவ் கொமன்ஸ் அட்ரிபியூஷன் 3.0. உடல் அளவுகள், காது, ரோமம், நிறம் மாற்றப்பட்டுள்ளன." உரிமத்துக்கும் படத்தின் தளத்துக்கும் லிங்க் கொடுங்கோ.

நீங்களும் ஒன்று செய்தால் எங்களுக்கு அனுப்புங்கோ, அடுத்த எபிசோட்டில் கதைப்போம். பூசி முடித்த படம் ஒன்று, பன்னிக்குப் பக்கத்தில் நிற்கிற கறுப்பு நிழல் ஒன்று. நிழலைத்தான் முதலில் திறந்து பார்ப்போம்.